பாதி அளந்த துடுப்பு

என் மனைவி குமரிக் கடற்கரையில் பிறந்தவள். அவள் அப்பா, சித்தப்பாக்கள், அண்ணன்மார் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் அவள் முதன்முதலாகத் துடுப்பைக் கையில் பிடித்தது நாற்பத்திரண்டு வயதில், பஹ்ரைனில். இதைச் சொன்னால் இங்குள்ள நண்பர்கள் சிரிப்பார்கள். அவள் ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அங்கே பெண்பிள்ளைகள் மீனைத் தொடலாம், வலையைத் தொடலாம். கரையில் கிடக்கும் கட்டுமரத்தில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் அடி விழும்.

எங்கள் ஃப்ளாட் குதைபியாவில் இருக்கிறது. மேல்மாடியில் இருந்த ஓர் ஆங்கிலேயக் குடும்பம் நாட்டைவிட்டுப் போகும்போது இரண்டு பிளாஸ்டிக் கயாக்குகளை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. ஒருவர் மட்டும் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற சின்னப் படகு. குளியல் தொட்டி மாதிரி அகலம், லேசில் கவிழாது. ‘சும்மா ஒரு தடவ’ என்று ஏறினவள்தான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் காலையில் மேற்குக் கரையில் கடல், பத்து மணிக்கு மாதா கோவிலில் பூசை. செருப்பில் மணலோடு போய் நற்கருணை வாங்கின நாட்களும் உண்டு. வேறு எதற்கும் அவள் என்னை அலாரம் வைத்து எழுப்பியதில்லை.

அவள் நர்ஸ். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களைத் தூக்கித் திருப்பிப் போடுகிற வார்டில் பதினெட்டு வருஷம். வலது தோள் போய்விட்டது. தோள் இறுகிவிட்டது என்று டாக்டர் சொன்னார், சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. பிசியோதெரபிக்குப் போனாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், “ஒரு மாதிரி ஆயாச்சு” என்பாள். நானும் குணமாகிவிட்டது என்று நம்பினேன். நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் சாக்கு சொல்ல ஆரம்பித்தாள். டியூட்டி மாறிவிட்டது என்பாள், தலைவலி என்பாள், “நீங்க போங்க, நான் வரல்ல” என்பாள். அந்தப் பிளாஸ்டிக் துடுப்பு அகலமானது, ஒவ்வொரு தடவையும் ஒரு வாளித் தண்ணீரை இழுக்கிற மாதிரி தோளைப் பிடித்து உலுக்கும். குற்றவாளி துடுப்புதான் என்று நான் தீர்ப்பு எழுதினேன். எனக்குத் தீர்ப்புகள் சீக்கிரம் வரும்.

நான் ஒரு ஜாய்னரியில் ஃபோர்மேன். கதவு, அலமாரி, வில்லாக்களுக்கு மஜ்லிஸ் என்கிற விருந்தினர் கூடத்து மரவேலை. மரத்தில் எது வேண்டுமானாலும் செய்கிற ஆள் இருக்கும்போது மனைவிக்கு ஒரு துடுப்பா கஷ்டம் என்று இன்டர்நெட்டில் தேடினேன். அப்படித்தான் இன்யூட் மக்களின் துடுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வட துருவத்துக்குப் பக்கத்தில், கிரீன்லாந்திலும் கனடாவின் வடகரையிலும் வாழ்கிறவர்கள் அவர்கள். கயாக் என்பதே அவர்களுடைய படகுதான். கிரீன்லாந்துப் பக்கத்துத் துடுப்பைப் பார்த்தால் துடுப்பு என்றே தோன்றாது. இரண்டு முனையும் ஒரே மாதிரி, நீளமாக, ஒல்லியாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அகலத்தில் ஒரு பட்டை. இதை வைத்து எந்தத் தண்ணீரைத் தள்ளுவது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அவர்கள் இதை வைத்து நாள் முழுவதும் கடல்நாய் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். ஒல்லிப் பட்டை காற்றைப் பிடிக்காது. தண்ணீரை ஒரேயடியாக அடிக்காமல் மெல்ல மெல்ல இழுப்பதால் மூட்டு தாங்கும், சத்தமும் வராது. கயாக் தலைகீழாகக் கவிழ்ந்தால், தண்ணீருக்குள் இருந்தபடியே இதே துடுப்பை நீட்டி ஒரு வீச்சில் நிமிர்ந்துவிடுவார்கள். அந்தக் குளிரில் நீந்திக் கரை சேர முடியாது என்பதால் நிமிரத் தெரியாதவனுக்கு அங்கே வாழ்வு இல்லை.

மரம் முளைக்காத நாடு அது. தெற்கே எங்கோ ஆற்றில் விழுந்து கடலில் மிதந்து கரை ஒதுங்கிய கட்டைதான் அவர்களுக்கு மரம். அதில் நேர் இழையாக ஓடுகிற துண்டைத் தேடி எடுத்துச் செதுக்கி, பனிக்கட்டியில் இடித்துப் பிளந்துவிடாமல் முனைகளிலும் ஓரங்களிலும் எலும்பு பதிப்பார்கள். இதையெல்லாம் படிக்கும்போது எங்கள் வொர்க்ஷாப்பின் பின்பக்கம் குப்பையில் கிடக்கும் நல்ல நல்ல துண்டுகள் ஞாபகம் வந்து கூச்சமாக இருந்தது.

என்னை அசத்தியது அவர்கள் அளக்கிற விதம். அளவுகோல் கிடையாது, உடம்புதான் அளவு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல்நுனியில் இருந்து மறு விரல்நுனி வரை எவ்வளவோ அதோடு ஒரு முழம், அது துடுப்பின் நீளம். இரண்டு கையும் பிடிக்கிற நடுப்பிடி தோள் அகலம். பட்டையின் அகலம், விரல்களை மடக்கினால் பிடிக்குள் அடங்குகிற அளவு. செய்து முடித்ததும் துடுப்பைப் பக்கத்தில் நிறுத்தி, கையைத் தலைக்கு மேல் தூக்கி முனையில் விரல்களை மடக்கிப் பார்ப்பார்கள். மடங்கினால் அது உன் துடுப்பு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும் என்றாலும், ஆளுக்கு ஒரு துடுப்பு என்பது மாறாது.

அளவு விஷயத்தில் எனக்கு ஒரு திமிர் உண்டு. ஷாப்பில் நான் எடுத்த அளவை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. அவளிடம் சொல்லாமல் செய்து கொடுத்து அசத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். தோள் அகலத்துக்கு, தையல்காரரிடம் கொடுக்க அவள் பையில் எடுத்து வைத்திருந்த அளவு ப்ளவுஸை மேஜையில் விரித்து டேப் வைத்தேன். அவள் நைட் டியூட்டி முடிந்து வந்து பகலில் அசந்து தூங்கும்போது கையை அளந்தேன். இடது கைதான் நீட்டிக் கிடந்தது. வலது கையை வயிற்றோடு அணைத்துப் படுத்திருந்தாள். அதை இழுத்தால் விழித்துக்கொள்வாள் என்று இடதை மட்டும் அளந்து கம்ப்யூட்டரில் போட்டேன். எங்கள் தொழிலில் கதவானாலும் அலமாரியானாலும் பாதி வரைந்தால் போதும். ‘மிரர்’ என்று ஒரு கமாண்ட் கொடுத்தால் மறு பாதி தானாக வந்துவிடும். அவளுக்கும் கொடுத்தேன். வந்துவிட்டது.

சானா என்கிற நீராவிக் குளியலறை வேலை ஒன்றில் மிச்சமான சிடார் பலகை இருந்தது. எடை குறைவு, இழை நேராக ஓடும். பேண்ட் சா மெஷினில் உருவத்தை வெட்டி, மிச்சத்தை இழைப்புளியில் கையாலேயே இழைத்தேன். நடுப்பிடி முட்டை மாதிரி நீள்வட்டமாக வர வேண்டும். ஓரம் கத்தி மாதிரி மெலிய வேண்டும், ஆனால் கையைக் கிழிக்கக் கூடாது. டியூட்டி முடிந்து தினம் ஒரு மணி நேரம் என்று பத்து நாள் ஆனது. ஷாப்பில் ஒரு வங்காளி பாலிஷ்காரர் உண்டு. நான் வெறும் எண்ணெய் மட்டும் தேய்த்து நிறுத்தியதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

“ஃபோர்மேன் பாய், பாலிஷ் மாஃபி? மேடம் கியா போலேகா!”

பாலிஷ் இல்லாமல் கொடுத்தால் மேடம் என்ன சொல்வார் என்பது அவர் கவலை. பளபளவென்று அடித்தால் ஈரக்கை வழுக்கும் என்று விளக்கினேன். அச்சா, அச்சா என்றார். நம்பவில்லை. மறுநாள் நான் வருவதற்குள் முனைகளில் மட்டும் இரண்டு இஞ்ச் பாலிஷ் ஏறியிருந்தது. சரி, எலும்புக்குப் பதில் அது என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு போனேன். அவள் துடுப்பை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே நான் சொன்ன கதையெல்லாம் கேட்டாள்.

“அவிங்க ஊருல படகு யாரு கெட்டுவா?”

“ஆம்பளைங்க மரச்சட்டம் கட்டுவாங்க. பொம்பளைங்க கடல்நாய்த் தோலத் தச்சு மூடுவாங்க. ஒரு பொட்டுத் தண்ணி உள்ள வராதாம்.”

“தச்சிட்டுக் கரையில நின்னு கைய வீசுவாளுவ. எல்லா ஊருலயும் இதுதான போல.”

“இல்ல பிள்ள. குடும்பம் இடம் மாறும்போது பெரிய தோல் படகு ஒண்ணு உண்டு. அத வலிக்கிறது பொம்பளைங்கதான்.”

“அப்படிச் சொல்லுங்க!” என்று நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. துடுப்பை நிறுத்தி விரலை மடக்கிப் பார்க்கச் சொன்னேன். எழுந்து நின்று மடக்கினாள். கச்சிதமாக மடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மடக்கியது இடது கை.

இரண்டு வெள்ளிக்கிழமை போனோம். ‘எப்படி இருக்கு?’ என்று நூறு தடவை கேட்டிருப்பேன். “நல்லா இருக்கு, பஞ்சு மாதிரி” என்றாள். மூன்றாவது வாரம் எதிர்க்காற்று. அரபு மீனவர்கள் ஆழமில்லாத கடலில் கம்புகளை வரிசையாக நட்டு மீன்பொறி வைத்திருப்பார்கள். நாங்கள் வழக்கமாகத் திரும்புகிற இடம் அது. அதற்குப் பாதி தூரத்திலேயே அவள் கயாக் வலப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. இடது கை தண்ணீரை இழுக்கிறது, வலது கை தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறது, அவ்வளவுதான். படகு வட்டம் போட்டது.

“நேராப் போ! ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வலி!” என்று கத்தினேன். திரும்பவும் சுற்றியது. “என்ன பிள்ள வெளையாட்டு இது?”

“கை வரல்ல” என்றாள்.

இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும் பதிலை அப்போது சொன்னேன். “அளவு சரியாத்தான இருக்கு?”

அவள் துடுப்பைக் குறுக்கே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “அளவு சரியாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல. போதுமா?” உடைந்து அழுதாள். நடுக்கடலில் பக்கத்தில் போய் அணைத்துக்கொள்ளவும் முடியாது, இரண்டு தொட்டிக் கயாக்குகளும் ஒன்றோடொன்று இடித்தன. கயிறு கட்டி அவளை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். கரையில் இறங்கியதும், “இனி நான் வரல்ல. இத யாருக்காவது குடுத்திருங்க” என்றாள். துடுப்பை மட்டும் அல்ல, கயாக்கையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

மறுநாள் அவள் டியூட்டிக்குப் போயிருந்தாள். காப்பித்தூள் தேடி சமையலறையில் மேல் அலமாரியைத் திறந்தேன். காலி. பக்கத்துக் கதவைத் திறந்தேன், அதுவும் காலி. அந்த அலமாரிகளை நான்தான் செய்து மாட்டினேன், அரிசி, பருப்பு, டப்பா எல்லாம் அதில்தான் இருந்தது. இப்போது எல்லாம் தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டுகளில், ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து அடுக்கியிருந்தது. எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. தினமும் காலையும் மாலையும் அந்தச் சமையலறையில் நின்று அவள் போட்ட காப்பியைக் குடித்திருக்கிறேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். முன்பக்கம் ஜிப் வைத்த சுடிதார் வாங்க ஆரம்பித்திருந்தாள். காரில் சீட் பெல்ட்டை இடது கையால் குறுக்கே வந்து இழுப்பாள். போன வருஷம் இடுப்பு வரை இருந்த முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். சூடு தாங்கவில்லை என்றாள். நான் ஒரு நாள் முழுக்கக் கோபித்துக்கொண்டிருந்தேன். கையைப் பின்னால் கொண்டு போய்ப் பின்ன முடியாதவள் முடியை வெட்டாமல் என்ன செய்வாள்? வெட்கமாக இருந்தது. வாய்விட்டு என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு மில்லிமீட்டர் கதவு சாய்ந்தால் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிக்கிற ஆள் நான்.

அன்று சாயங்காலம் அவள் வந்ததும் அலமாரியைப் பற்றிக் கேட்டேன். “வார்டுல தெரிஞ்சா தூக்க முடியாதவன்னு ஊருக்கு அனுப்பிருவாங்க. அதனால யாருட்டயும் சொல்லல்ல” என்றாள். யாரிடமும் என்பதில் நானும் இருந்தேன். அதை அவள் தனியாகச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கடல் என்ற பேச்சே இல்லை. வெள்ளிக்கிழமை எட்டு மணி வரை தூங்கினாள். நான் விடவில்லை. செய்தது தப்பு என்றால் திருத்த வேண்டும், வேறு எந்த மன்னிப்பும் எனக்குக் கேட்கத் தெரியாது. திரும்பவும் போய்ப் படித்தேன். இன்யூட் மக்களிடம் இன்னொரு துடுப்பு இருந்திருக்கிறது. புயல் காற்றில் பயன்படுத்துகிற குட்டைத் துடுப்பு. நீளம் கைவிரிப்பு அளவுதான். நடுப்பிடி இரண்டு முஷ்டி வைக்கிற இடம்தான். இதைப் பிடித்த இடத்தில் பிடித்து வலிப்பதில்லை, சறுக்க வேண்டும். வலப்பக்கம் வலிக்கும்போது துடுப்பையே வலப்பக்கமாகத் தள்ளிவிட்டு வலிப்பார்கள். இடப்பக்கம் வரும்போது அப்படியே இடப்பக்கம் தள்ளுவார்கள். கை மேலே ஏற வேண்டியதில்லை, வயிற்றுக்கு நேராகவே எல்லாம் நடந்துவிடும். துடுப்பு குட்டையானாலும் சறுக்குகிற பக்கத்தில் முழு நீளமும் கிடைக்கும், எங்கள் தொட்டியின் அகலத்தையும் தாண்டும்.

பழையதை வெட்டிக் குறைக்கலாமா என்று பார்த்தேன். முடியாது. குட்டைத் துடுப்பில் பட்டை வர வேண்டிய இடத்தை ஏற்கெனவே நடுப்பிடியாக ஒல்லியாக இழைத்தாகிவிட்டது, மரத்தை எடுக்கலாம், திரும்ப வைக்க முடியாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதற்கு அவளை அளக்க வேண்டும். இந்தத் தடவை விழித்திருக்கும்போது, இரண்டு பக்கமும்.

“வேண்டாம்” என்றாள். மூன்று நாள் வேண்டாம் என்றாள். நான்காம் நாள், “அளக்கணும்னா நானே அளப்பேன். நீங்க தொடப்பிடாது” என்றாள். பென்சிலை வாங்கிக்கொண்டு வரவேற்பறைச் சுவரோடு ஒட்டி நின்றாள். இடது கையைத் தூக்கி உச்சியில் ஒரு கோடு. பிறகு வலது கையில் பென்சிலை மாற்றினாள். கை மெதுவாக மேலே போனது. வலி தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, கோடு கிழித்தாள். தோளுக்கு நாலு விரல் கீழே.

“இவ்வளவுதானா?” என்றேன்.

“இவ்வளவுதான். ரெண்டு வருசமா.”

இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவள்தான், “எழவு வீடு மாதிரி நிக்காதீங்க, பிடியக் குறிங்க” என்று அதட்டினாள். சறுக்குகிற மாதிரி கையை வைத்து, எந்த இடம் வரை வலியில்லை, எந்த இடத்தில் குத்துகிறது என்று அங்குலம் அங்குலமாகச் சொன்னாள். வலது பக்கம் பட்டையின் ஓரம் இன்னும் மெல்லியதாக வேண்டும், அந்தக் கையின் பிடியிலும் பலம் குறைந்திருந்தது. ஆக இரண்டு பாதியும் இரண்டு மாதிரி. கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை, பேப்பரில் கையால் வரைந்தேன். மலிவான வெள்ளை மரத்தில் முதலில் ஒன்று செய்து, அவள் சோபாவில் உட்கார்ந்து காற்றில் வலித்துப் பார்த்து, “இங்க இடிக்கி, இங்க எடுங்க” என்று சொல்லச் சொல்ல இழைத்தேன். ஹாலெல்லாம் மரச்சுருள். பிறகுதான் சிடாரில் கை வைத்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவளே அலாரம் வைத்தாள். காற்று இல்லை, கடல் தட்டையாகக் கிடந்தது. முதல் பத்து நிமிஷம் தடுமாறினாள், துடுப்பு இரண்டு தடவை கையை விட்டு வழுக்கியது. “யல்லா, யல்லா” என்று அரபியில் தன்னைத்தானே விரட்டிக்கொண்டாள். பிறகு பிடிபட்டுவிட்டது. இப்படித் தள்ளி ஓர் இழுப்பு, அப்படித் தள்ளி ஓர் இழுப்பு. வேகம் இல்லை. ஆனால் நேராகப் போனாள். நான் வாயைத் திறக்காமல் பின்னால் போனேன். மீன்பொறியின் கம்புகள் வந்தன. திரும்புவாள் என்று நான் கயாக்கைத் திருப்பினேன். அவள் திரும்பவில்லை. விரட்டிப் போய்ப் பக்கத்தில் சேர்ந்தேன்.

“வலிக்குதா?”

“லேசா. ஆனா வருது.”

கொஞ்ச தூரம் போனோம். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். “வார்டுல சொல்லல்ல, சரி. எங்கிட்ட ஏன் பிள்ள சொல்லல்ல?”

அவள் இரண்டு பக்கமும் ஒரு தடவை வலித்தாள். “சொல்லியிருந்தா கடலுக்கு வராண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

நான் அப்படிச் சொல்லுவேனா என்று கேட்க வாயெடுத்தேன். சொல்லியிருப்பேன். அன்பாகத்தான் சொல்லியிருப்பேன், கொஞ்ச நாள் ஓய்வெடு, அப்புறம் பார்க்கலாம் என்று. அடுத்த மாதமே கயாக்கை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பேன்.

“ஆமா. சொல்லியிருப்பேன்” என்றேன்.

அவள் வலிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒப்புக்கொள்வேன் என்று எதிர்பார்க்கவில்லை போல. துடுப்பில் இருந்து தண்ணீர் சொட்டி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பம் இன்னும் கொஞ்சம் போவோம்” என்றாள்.